விற்க மறுத்தவருக்குப் பொன்னாடை

பாலசமுத்திரம்
6.3.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

அடைக்கலமேரி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

கிணறு வற்றிவிட்டது. மோட்டாரைப் போட்டால் கொஞ்ச நேரம் சேறு வருகிறது, பிறகு காற்று வருகிறது. தென்னையில் மட்டைகள் தொங்கிப்போய்க் கிடக்கின்றன. குரும்பை கொட்டுகிறது. பக்கத்துத் தோப்புக்காரர்கள் பாறைக்கு வெடி வைத்து ஆழப்படுத்தித் தண்ணீர் பார்த்துவிட்டார்கள். எங்களுக்கு அதற்கு வழியில்லை. தோப்பைச் செங்கல் சூளை சேனாதிபதிக்கு விற்றுவிடலாம் என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. சேனாதிபதி நேற்று வந்து பார்த்தார். நானும் உங்கள் மாப்பிள்ளையும் கல்யாணமான வருஷம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரங்களைக் கண்ணெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து மண்ணை எடுத்து விரலில் தேய்த்தார். "மரம் எனக்கு எதுக்குங்க? மண்ணுதான் வேணும். மரத்தை வேணும்னா சூளைக்கு வச்சுக்குவேன்" என்றார்.

அப்பாவுக்குப் பள்ளங்கியில் உருளைக்கிழங்கு தோண்டும்போது கிடைத்த ரோமாபுரி வெள்ளிக்காசு உங்களிடம் இருக்கிறது. அதை உங்கள் கையில் கொடுத்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். "பத்திரமா வச்சிரு. உங்க ரெண்டு பேத்துல யாருக்காச்சும் கழுத்துக்கு மேல தண்ணி வந்தா வித்துக்கங்க" என்றார். எனக்குக் கழுத்துக்கு மேல் வரவில்லை, கிணற்றுக்கு அடியில்கூட வரவில்லை. அவர் சொன்ன அவசரம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பழனி கடைவீதியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஜலாலுதீன் அண்ணன் அந்தக் காசை ஒருமுறை உங்களிடம் பார்த்திருக்கிறாராம். கோயம்புத்தூர் மில்காரர் ஒருவர் கேட்ட விலைக்கு வாங்கிக்கொள்வார், கிணறு வெட்டி மீதியும் இருக்கும் என்கிறார். யோசித்து வெரசாப் பதில் போடுங்கள்.

தங்கை
அடைக்கலமேரி

*

கொடைக்கானல்
14.3.1983

அன்புத் தங்கை அடைக்கலத்துக்கு,

கடிதம் கிடைத்தது. கிணற்றுச் செய்தி அறிந்து மிகவும் வருந்தினேன். இங்கே ஏரியும் கரையை விட்டு இறங்கிவிட்டது. படகுக்காரர்கள் சுற்றுலாப் பயணிகளை முதலில் சேற்றில் நடத்திப் பிறகு படகில் ஏற்றுகிறார்கள். கட்டணம் இரண்டுக்கும் சேர்த்து.

காசு விஷயம். நீ கேட்பது நியாயம். அப்பா சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அப்பா உருளைக்கிழங்கு விவசாயி. சேகரிப்பவனின் தர்மம் அவருக்குத் தெரிய நியாயமில்லை.

எங்கள் கொடைமலை நாணயச் சேகரிப்போர் சங்கத்துக்கு ஆறு உறுப்பினர்கள், நான் தலைவர். விதிகள் இரண்டே. முதல் விதி, விற்கக் கூடாது. இரண்டாவது, கழுவக் கூடாது. ஒரு காசின் மேல் படிந்த கருப்பு அழுக்கல்ல, அதன் வயது. அதைத் தேய்த்து எடுப்பவன், தொண்ணூறு வயதுப் பெரியவருக்குச் சவரம் செய்துவிட்டு மாப்பிள்ளை என்று அழைத்துப் போகிறவன். இரண்டாம் விதியைப் பற்றிப் போன மாதம் எங்கள் மிஷன் பள்ளி மண்டபத்தில் ஒரு மணி நேரம் பேசினேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. பலர் கண்ணை மூடி ஏற்றுக்கொண்டார்கள்.

மருந்துக்கடை அலாவுதீன் தன்னிடமுள்ள ஒரு மதுரை நாயக்கர் காசை எங்கே வைத்திருக்கிறார் என்பது அவர் மனைவி ஜஹனாராவுக்கே தெரியாது. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் திருமலைச்சாமி ஒரு திருவிதாங்கூர் காசு வைத்திருப்பதாகச் சொல்கிறார். பல வருடங்களாக எங்களில் யாருக்கும் அவர் காட்டியதில்லை. அந்தக் கண்டிப்புக்காகவே அவரைப் பொருளாளர் ஆக்கினோம். இப்படிப்பட்டவர்கள் நடுவில் விற்றவன் என்று நான் எப்படி நிற்பேன்?

ஆகையால் மன்னித்துக்கொள். மழைக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். சாமியாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன்
ஞானமுத்து

*

பாலசமுத்திரம்
21.3.1983

அண்ணனுக்கு,

ஜெபத்துக்கு நன்றி. மேகத்துக்குத் தகவல் இன்னும் வந்து சேரவில்லை.

உங்கள் கடிதத்தை உங்கள் மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். பொருளாளரைப் பற்றிய இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "ஏ புள்ள, ஒங்க அண்ணன் கல்யாணம் பண்ணிக்கலையேன்னு ஊரெல்லாம் பாவப்படுது. எங்கயோ ஒரு பொண்ணு தப்பிச்சா. அவ நல்லா இருக்கட்டும்" என்றார். எப்போதும் உங்களை விட்டுக்கொடுக்காமல் அவரோடு சண்டைக்குப் போகிறவள் நான். இந்த முறை அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வைகாசி முடிவதற்குள் கிரயம் என்று சேனாதிபதி நிற்கிறார். பாதி மரத்துக்கு மேல் பட்டுவிடும், பிறகு கேட்பாரில்லை என்று பயமுறுத்துகிறார்.

வருஷா வருஷம் ஈஸ்டருக்கு வருவீர்கள். கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து எந்த ராஜா எந்தக் காசை அடித்தான் என்று கதை சொல்வீர்கள். இந்த வருஷம் வர வேண்டாம். மாமாவிடம் காசு இருக்கிறது என்று மட்டும் பிள்ளைகளுக்குத் தெரிந்தால் போதும்.

அடைக்கலமேரி

*

கொடைக்கானல்
18.4.1983

அன்புத் தங்கைக்கு,

நீ சொன்னபடி ஈஸ்டருக்கு வரவில்லை. வலது கட்டைவிரலில் தோல் உரிந்திருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும். தோட்ட வேலை.

காசைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. அதை விற்பதற்கில்லை. மார்ச் மாதம் இதைச் சொன்னபோது அது என் கொள்கை. இப்போது அது உண்மை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நீ கேட்க வேண்டாம், நான் சொல்வதாகவும் இல்லை.

அண்ணனுக்கு விற்க மனமில்லை என்றே வைத்துக்கொள். கல்நெஞ்சன் என்று மாப்பிள்ளை சொன்னால் மறுத்துப் பேசாதே. உலகத்தில் அதைவிடக் கேவலமான பெயர்கள் இருக்கின்றன.

உங்கள் தெரு வேலப்பன் ஓட்டும் பஸ்ஸில் ஒரு கூடை கேரட்டும் பீன்ஸும் கொடுத்துவிட்டிருக்கிறேன். முட்டைக்கோஸ் இரண்டு அடியில் இருக்கிறது.

அண்ணன்
ஞானமுத்து

*

பாலசமுத்திரம்
7.5.1983

ஆசிரியர் திரு. ஞானமுத்து அவர்களுக்கு,

பீன்ஸ் நன்றாக இருந்தது. அதற்கு மட்டும் நன்றி. பள்ளிக்கூடத்து அறையில் குடியிருக்கும் உங்களுக்குத் தோட்டம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

நேற்று ஜலாலுதீன் அண்ணன் கடையில் பேப்பர் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். "பெருந்தொகை தர முன்வந்தும் அரிய நாணயத்தை விற்க மறுத்த ஆசிரியருக்குப் பொன்னாடை" என்று போட்டிருக்கிறது. போர்த்துகிறவர் அந்தத் திருவிதாங்கூர் போஸ்ட்மாஸ்டராக இருக்க வேண்டும், முகத்தில் அவ்வளவு கண்டிப்பு. படத்தில் நீங்கள் தலையைக் குனிந்திருக்கிறீர்கள். பணிவு என்று எழுதியிருக்கிறார்கள்.

நான் வாசிக்க வாசிக்க ஜலாலுதீன் அண்ணன் இருமினார், டீ வாங்கி வரச் சொன்னார், ஓடிக்கொண்டிருந்த காற்றாடியை நிறுத்திவிட்டு மறுபடி போட்டார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அடுத்தவருக்கு இருக்கும் கூச்சம் உங்களுக்கு இல்லை.

தங்கை கேட்டபோது மறுத்ததற்குப் பொன்னாடை கிடைக்கும் ஊரில் இருக்கிறீர்கள். மலையில் குளிர் அதிகம், நன்றாகப் போர்த்திக்கொள்ளுங்கள். ஜூன் 6, திங்கட்கிழமை கிரயம். எனக்கு அண்ணன் இல்லை என்று எண்ணிக்கொண்டு கையெழுத்துப் போடுவேன். இனி எழுத வேண்டாம்.

அடைக்கலமேரி

*

பாலசமுத்திரம்
17.5.1983

அண்ணே,

எழுத வேண்டாம் என்று எழுதியவளே எழுதுகிறேன்.

பத்திரம் எழுதுகிறவரைப் பார்க்கப் பழனிக்குப் போயிருந்தேன். கடைவீதியில் ஜலாலுதீன் அண்ணன் என்னைக் கண்டதும் கடைக்குள்ளே போய்விட்டார். அவர் மனைவி சபுரா அக்காதான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். உள்பக்கம் பார்த்துச் சத்தம் போட்டார்.

"வெளிய வாங்க! கூடப் பொறந்ததுக ரெண்டும் மொகம் பாக்காமக் கெடக்குதுக. இவுக என்னமோ அரசாங்க ரகசியத்தை வச்சிருக்காக."

"வாக்குக் குடுத்திருக்கேன் சபுரா."

"அந்தம்மா ஒரு நாளைக்கு வயிறெரிஞ்சு சொல்லுச்சுன்னா அதுல பாதி நமக்குத்தான் வரும். சொல்லுங்க."

ஜலாலுதீன் அண்ணன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "தங்கச்சி, ஒங்க அண்ணன் விக்க மாட்டேன்னு சொன்னாரா? அவரே வந்தாரும்மா. ஈஸ்டர் கழிஞ்ச மறுவாரம், வெள்ளனே மொதப் பஸ்ஸுக்கு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. காசும் அதே வெள்ளையில இருந்துச்சு."

"எனக்குப் புரியலைங்கண்ணே."

"கழுவிட்டாரும்மா! சும்மாக் கழுவல. புது டம்ளர் கணக்கா மின்னுது. ராசா மூக்கைக் காணோம். கோயம்புத்தூர்க்காரர் கண்ணாடியை வச்சுப் பாத்தாரு. காசை மெதுவா மேசையில வச்சுட்டு, டீ கெடைக்குமான்னு கேட்டாரு."

"அப்ப பேப்பர்ல பெருந்தொகைன்னு..."

"அன்னைக்கு யாரும் ஒரு பைசா சொல்லல. அவரு போனதும் ஒங்க அண்ணன் என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'பாய், யாரு கேட்டாலும் நான் விக்க மறுத்துட்டேன்னே சொல்லுங்க. என் தங்கச்சிகிட்டயும் அப்படியே சொல்லிருங்க'ன்னாரு."

நான் கடையிலேயே சிரித்துவிட்டேன் அண்ணே. சபுரா அக்காவும் சிரித்தார். ஊரைக் கூட்டி ஒரு மணி நேரம் கழுவாதே என்று பேசியவர் நீங்கள்! பிறகு பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றபோதுதான் அழுகை வந்தது. எனக்காக விற்கப் போயிருக்கிறீர்கள். அது தெரியாமல் அண்ணன் இல்லை என்று எழுதினேன். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை? உங்கள் கையால் எழுதுங்கள்.

தங்கை
அடைக்கலமேரி

*

கொடைக்கானல்
23.5.1983

அன்புள்ள அடைக்கலம்,

எழுதுகிறேன்.

ஈஸ்டர் அன்று பூசை முடிந்து அறைக்கு வந்தேன். கோழிக்குழம்பு இல்லை. மெஸ்ஸில் ரொட்டி கொடுத்தார்கள். அதைத் தின்றுகொண்டிருக்கும்போதே விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். அதுவரை எல்லாம் சரி. அதற்கு மேல் நடந்ததை எனக்கே விளக்கிக்கொள்ள முடியவில்லை. விற்பது என்று தீர்மானித்த நொடியில் அது காசாக இல்லை, சரக்காகிவிட்டது. சரக்கை எந்தக் கடைக்காரனும் துடைத்துத்தானே வைப்பான்? வாங்க வருகிறவர் பெரிய மனிதர், கருப்பாகக் கொண்டுபோய் எப்படி நீட்டுவது என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பிள்ளையை முகம் கழுவாமல் நிறுத்துவோமா என்றுகூடத் தோன்றிற்று.

முதலில் புளி. நன்றாக வந்தது. நன்றாக வந்ததால் சாம்பல். சாம்பலும் நன்றாக வந்ததால் பல்பொடி. இருபது வருடமாக எந்தப் பாவத்தையும் செய்ய எனக்கு ஆசை வந்ததில்லை. அன்று ஆனந்தமாகத் தேய்த்தேன். சக்கரவர்த்தியின் காதுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி போகாமல் நின்றது, அதற்காகப் பிரஷ்ஷை எடுத்தேன். புள்ளி போனது. கூடவே மூக்கும் போனது. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். பளபளவென்று, யாரும் அடையாளம் காண முடியாத ஒரு மனிதர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியும் பழனிக்குப் போனேன். மில்காரர் கவனிக்க மாட்டார் என்று நம்பினேன். அவர் டீ கேட்ட விதத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

திரும்பி வந்தபோது பஸ் ஸ்டாண்டில் அலாவுதீன் பிடித்துக்கொண்டார். "என்ன சார், பழனியிலயா? காசு வெலைக்குப் போகுதாமே?" என்றார். கழுவிவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "கேட்டார்கள். முகத்துக்கு நேரே மறுத்துவிட்டு வந்தேன்" என்றேன். அன்று சாயங்காலமே சங்கம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கேட்ட தொகை ஒவ்வொரு வாயிலும் ஏறிக்கொண்டே போனது. பொன்னாடை போர்த்திய அன்று அந்தக் காசைக் காட்டச் சொன்னார்கள். கூட்டத்துக்குக் கொண்டுவரக் கூடிய பொருளல்ல என்றேன். அதற்கும் கை தட்டினார்கள். பேப்பரில் நீ பார்த்தது பணிவு அல்ல. திருமலைச்சாமியின் கண்களைப் பார்க்க முடியவில்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்கிறாய். கல்நெஞ்சன் என்று நீ நினைத்தால் கோபப்படுவாய். முட்டாள் என்று தெரிந்தால் சிரிப்பாய். கோபம் எனக்குச் சுலபமாக இருந்தது. உன் கோபத்தின் விலை உன் தோப்பு என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தது போல இருக்கிறது. இனி உன் அண்ணன் கஞ்சன் இல்லை என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்.

அண்ணன்
ஞானமுத்து

*

பாலசமுத்திரம்
30.5.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் மாப்பிள்ளைக்கு வாசித்தேன். பல்பொடியில் சிரிக்கத் தொடங்கியவர் மூக்கு போன இடத்தில் கட்டிலில் சாய்ந்துவிட்டார். கிணறு வற்றிய பிறகு இந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு இல்லை. "பாவம் புள்ள, மனுசன்" என்று உங்களுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு எழுந்து உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். "ஏ புள்ள, அவுக அலமாரி நெறையாக் காசு வச்சிருந்தாகளே. ஈஸ்டருக்கு வாரப்ப ஒவ்வொண்ணாக் கொண்டாந்து பிள்ளைகளுக்குக் காட்டுவாகளே. அதெல்லாம் கழுவாமத்தான இருக்கு?" என்று கேட்டார்.

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்பா கொடுத்த ஒன்றைத்தான் நான் கேட்டேன், மற்றது உங்கள் சம்பாத்தியம், அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. உங்களுக்காவது அது தோன்றியிருக்குமா என்று மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை கிரயம்.

அடைக்கலமேரி

*

கொடைக்கானல், பஸ் ஸ்டாண்ட்
4.6.1983, சனிக்கிழமை

அடைக்கலம்,

மாப்பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில்: எல்லாம் கழுவாமல்தான் இருக்கின்றன. எனக்குத் தோன்றியதா என்றால், தோன்றியது. பழனியிலிருந்து திரும்பிய அன்று முதல் காரியமாக அலமாரியைப் பூட்டினேன். எதற்காகப் பூட்டுகிறோம் என்று தெரிந்தேதான் பூட்டினேன். போன கடிதத்தில் இதை எழுதவில்லை. மூக்கு போனதை மட்டும் விவரமாக எழுதிவிட்டு மனசு லேசாகிவிட்டது என்றேன். எப்படி லேசாகும்? கனமானதைச் சொல்லவே இல்லை.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. வியாழனன்று காசுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டு பழனிக்குப் போனேன். ஜலாலுதீன் மேசையில் துணி விரித்தார். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அவர் ஒன்றைத் தொட்டார். "அது வேண்டாம் பாய்" என்றேன். இன்னொன்றை எடுத்தார். "அது ஜோடிக் காசு, பிரிக்கக் கூடாது" என்றேன். அப்படியானால் ஜோடியாகவே கொடுங்கள் என்றார். "அது மட்டும் வேண்டாம்" என்றேன். "சார், எதைத்தான் தர்றீங்க, அதையாச்சும் சொல்லுங்க" என்றார். நான் டப்பாவைப் பார்த்தேன். கொடுக்கக் கூடியது ஒன்று இருந்தது. அது டப்பா. சபுரா அம்மாள் உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சோறு போட்டார். சாப்பிட்டேன். சாயங்காலப் பஸ்ஸில் டப்பாவோடு மலையேறிவிட்டேன். அங்கிருந்து உன் வீடு பக்கம்தான். வரவில்லை.

நேற்று முழுக்க யோசித்தேன். நானே விற்கப் போனால் ஒருநாளும் விற்கமாட்டேன். இதைத் தெரிந்துகொள்ள ஒரு மனிதனுக்கு ஐம்பத்திரண்டு வயது ஆகியிருக்க வேண்டியதில்லை.

ஆகையால் டப்பாவை உனக்கு அனுப்புகிறேன். ஒவ்வொரு காசோடும் நான் எழுதி வைத்திருந்த சீட்டுகளை எடுத்துவிட்டேன். எது எந்த ராஜாவுடையது என்று உனக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் நீயும் தயங்குவாய். ஜலாலுதீனுக்குத் தெரியும். நாளை ஞாயிறு, கோயம்புத்தூர்க்காரரை ஜலாலுதீன் கடைக்கு வரச் சொல்லி நேற்றே தந்தி அடித்துவிட்டேன். மொத்தமாகக் கொடுத்துவிடு. மண் விற்பதற்கில்லை என்று சேனாதிபதியிடம் மாப்பிள்ளை சொல்லட்டும். எது எவ்வளவுக்குப் போனது என்று எனக்கு எழுதாதே. தண்ணீர் வந்தால் மட்டும் எழுது.

இன்று மத்தியானம் சங்கக் கூட்டம். பொன்னாடையை மடித்துக் கையில் வைத்திருக்கிறேன். என்ன சொல்லித் திருப்பிக் கொடுப்பது என்று இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை. கழுவினேன், விற்றேன், இரண்டு விதியையும் மீறினேன் என்று சொல்லலாம். ஆனால் நான் வெட்கப்பட வேண்டியது எதற்கோ அதற்கு எங்கள் சங்கத்தில் விதியே இல்லை.

இந்தக் கடிதத்தையும் டப்பாவையும் வேலப்பனிடம் கொடுக்கிறேன். ராத்திரி வீட்டுக்கு வரும்போது உன் கையிலேயே தருவார். ஹாரன் அடித்துவிட்டார். அவரிடம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். ஏரி முனை திரும்பும்வரை நான் பின்னால் ஓடி வந்தாலும், டப்பாவில் ஒன்றை மறந்து வைத்துவிட்டேன் என்று கத்தினாலும், வண்டியை நிறுத்தக் கூடாது.

"நெசமாவே ஓடி வருவீங்களா சார்?" என்று கேட்கிறார்.

வருவேன்.

அண்ணன்
ஞானமுத்து